இரண்டாம் கேட்டின் தொப்பி

— கையெழுத்துப் போட மாட்டேன்னா என்ன அர்த்தம் தம்பி? மணி ஆறு அஞ்சு. ராத்திரி பன்னண்டு மணி நேரம் நின்ன காலு இது. நீ போட்டாத்தான் நான் வீட்டுக்குப் போக முடியும்.

— டார்ச்சுக்குப் போடறேன்ணே. விசிலுக்குப் போடறேன். சாவிக்கும் போடறேன். தொப்பிக்கு மட்டும் கொஞ்சம் பொறுங்க.

— நாலும் ஒரே வரியில இருக்கு. "டார்ச் ஒன்று, விசில் ஒன்று, சாவி ஆறு, தொப்பி ஒன்று, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்." மூணு வருஷமா காலைல நீ போடற, சாயங்காலம் நான் போடறேன். இன்னைக்கு என்ன புதுசா?

— அந்த "நல்ல நிலையில்"தான் இடிக்குது.

— தொப்பிக்கு என்ன குறை? முன்னாடி "கேட் 2"ன்னு தெச்ச நூல்கூடப் பிரியல.

— குறை என் தலையிலண்ணே. குனியறேன், பாருங்க. வெளிச்சத்துக்கு வாங்க.

— ம். செவந்துதான் இருக்கு. நெத்தியில ஆரம்பிச்சு காது வரைக்கும், அளவெடுத்துக் கோடு போட்ட மாதிரி. தொட்டா?

— தொடாதீங்க. முடி ஒரு பக்கம் சாஞ்சாலே வலிக்குது. முடிக்கு வலிக்குமான்னு கேக்காதீங்க. வலிக்காதுன்னு எனக்கும் தெரியும். ஆனா வலிக்குது.

— இருக்கிற முடிக்கே இவ்வளவு வலின்னா, முழுசா இருந்திருந்தா நீ தாங்கியிருக்க மாட்ட. ஒரு விதத்துல கொட்டினது நல்லதுக்குத்தான்.

— காலங்காத்தால ஆரம்பிக்காதீங்கண்ணே. ராத்திரி பூரா தூக்கமில்ல. வீட்ல ஈரத்துணியைப் பிழிஞ்சு பிழிஞ்சு தலையில போட்டா. மூணு மணிக்கு அவளே அசந்து தூங்கிட்டா, துணியப் புடிச்ச கையோட. எழுப்ப மனசு வரல. அப்படியே உக்காந்திருந்தேன்.

— ஐஸ் வெச்சுப் பாத்தியா?

— ஐஸ் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு. பச்சத் தண்ணி போதுமாம்.

— ஐஸ் ஆகாதுதான். நான் பாத்தவன் சொல்றேன். முன்னாடி ஒரு கம்பெனியில எனக்கு எதிர் கேட்டுல ஒருத்தன் இருந்தான். உன்னை மாதிரியே தலை எரிச்சல். தொப்பிக்குள்ள ஐஸ் கட்டி வெச்சுக்கிட்டான். அரை மணியில தலை விறைச்சு, கேட்டைத் திறக்கறதா மூடறதான்னு மறந்து போச்சு. மூணு நாள் பாதி திறந்து பாதி மூடி வெச்சிருந்தான். எந்த லாரியும் உள்ள வரல, எந்தத் திருடனும் வரல. அவனுக்குப் பதவி உயர்வு குடுத்தாங்க.

— சரி.

— நம்பலியா?

— நம்பறேன்ணே. எனக்குப் பதவி உயர்வெல்லாம் வேணாம், இந்த வேலை இருந்தாப் போதும். எட்டு மணிக்கு சூப்பர்வைசர் வர்றாரு. ரெண்டு தடவை தொப்பி இல்லாம கேமராவுல மாட்டிட்டேன். மூணாவது தடவைன்னா சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போகணுமாம். சொல்லிட்டாரு.

— அந்தக் கேமராவை நேரா உச்சந்தலைக்கு மேல மாட்டினவன் கை வெளங்காது. ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு மூணு வருஷமா நம்ம மூஞ்சி தெரியாது. உச்சிதான் தெரியும்.

— உங்க உச்சி தெரிஞ்சா "மாப்பிள்ளை டூட்டியில இருக்காரு"ங்கறாங்க. என் உச்சி தெரிஞ்ச அன்னைக்கு, "ரெண்டாம் கேட்டுல ஏன் பட்டப்பகல்ல லைட்டு எரியுது"ன்னு போன் வந்துச்சு. அன்னையிலேர்ந்து பல்பு.

— விளையாட்டுக்குச் சொல்றது தம்பி.

— விளையாட்டுதான். போன வாரம் என் பொண்ணை ஸ்கூல்ல விடும்போது ஒரு லாரிக்காரன் ரோட்டுல பாத்துட்டு "பல்பு அண்ணே"ன்னு கத்தினான். "யாருப்பா பல்பு?"ன்னா. எனக்குத் தெரியாதும்மான்னேன்.

— யோவ் பல்பு! கேட்டைத் திறய்யா. என் லாரிக்குப் பின்னாடி நாலு வண்டி நிக்குது.

— பாருங்க.

— நீ உக்காரு. தொப்பி இன்னும் என் பொறுப்புலதான் இருக்கு. நான் போய்த் திறக்கிறேன்.

— அட, மாப்ள! இன்னும் வீட்டுக்குப் போகலியா? பல்பு பீஸ் போயிடுச்சா?

— நீ வண்டி நம்பரைச் சொல்லிட்டு உள்ள போப்பா. எடைச் சீட்டை ரெண்டு காப்பியா வாங்கிக்க, நேத்து ஒண்ணுதான் குடுத்துட்டுப் போன... ம், போயிட்டான். எல்லாம் போயிடுச்சு. இப்பச் சொல்லு, டாக்டர் என்னதான் சொல்றாரு? கொட்டறதை நிறுத்த வழி இருக்காமா?

— கொட்டறதப் பத்தி நான் கவலைப்படறதை விட்டு ஒரு வருஷம் ஆச்சுண்ணே. மொதல்ல குளிக்கிற எடத்துல சல்லடையில சேர்ற முடிய எண்ணிக்கிட்டிருந்தேன். நூத்துக்கு மேல போனதும் எண்றதை விட்டேன்.

— நீயாவது எண்ணின. எனக்குத் தெரிஞ்ச ஒரு கண்டக்டர் கொட்டின முடியெல்லாம் ஒரு டப்பாவுல சேத்து வெச்சான். ரெண்டு வருஷத்துல தலையில இருக்கிறதவிட டப்பாவுல அதிகமாயிடுச்சு. கடைசியில டப்பாவுக்குத்தான் சீப்பு வாங்கினான்.

— டாக்டர் சொன்னது இதுதான். கொட்டறது வேற, எரியறது வேற. கொட்டறது உங்க அப்பா குடுத்தது. எரியறது வெளியிலேர்ந்து ஏதோ குடுக்குதுன்னாரு. முடி மெலிஞ்சு போனதால நேரா தோல்ல படுதாம். தலையில எதெது படுதோ அத்தனையும் ஒரு தாள்ல எழுது, ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருன்னாரு. எழுதினேன். இந்தாங்க.

— கண்ணாடி பையில இருக்கு. நீயே படி.

— ஒண்ணு, சோப்பு. குழந்தைக்குப் போடற சோப்புக்கு மாறி ஆறு வாரம் ஆச்சு. எரியுது. ரெண்டு, எண்ணெய். அடியோட நிறுத்தியாச்சு. எரியுது. மூணு, வெந்நி. நிறுத்தியாச்சு.

— குடிக்கிறதையா, குளிக்கிறதையா?

— குளிக்கிறதண்ணே. நாலு, சீப்பு. அதுக்கு இனிமே வேலையும் இல்ல. அஞ்சு, தலையணை. தினமும் உறை மாத்தறா. ஆறு, என் நகம். ஒட்ட வெட்டியாச்சு, பாருங்க. தூக்கத்துல சொறியக் கூடாதுன்னு கையில சாக்ஸ் மாட்டிப் படுக்கறேன். என் பொண்ணு பொம்மை நாடகம் காட்டச் சொல்றா.

— ஏழு?

— ஏழு, வெயில்.

— அதான். அடிச்சுச் சொல்றேன், வெயில்தான். இந்தச் சிமென்ட் தரை இருக்கே, மேலேருந்தும் சுடும், கீழேருந்தும் சுடும். நடுவுல நீ தோசக்கல்லு மாதிரி...

— வெயில்னா ஞாயித்துக்கிழமைதான் கொறைவா எரியுது, திங்கக்கிழமைதான் உயிர் போகுது, நேத்து மாதிரி. ஏன்ணே? வெயிலுக்கு ஏது கிழமை?

— கவலையா இருக்கும். திங்கக்கிழமைன்னா யாருக்கும் கவலைதான்.

— அது எட்டாவது. கவலையையும் எழுதினேன். அதை நிறுத்திப் பாக்க முடியலன்னேன். டாக்டர் அந்த வரியக் கோடு போட்டு அடிச்சுட்டாரு.

— தண்ணித் தொட்டியப் பாத்தியா? அடியில பாசி இருக்கலாம். இல்லாட்டி உங்க வீட்ல கைக்கு ஏதாவது பூசறாங்களோ என்னமோ. சில பேரு கையே ஆகாது. எங்க சித்தி கை பட்டா செடி கருகும்.

— ஒன்பதாவது ஒண்ணு இருக்கு.

— எட்டோட முடிச்சுக்கலாம் தம்பி. பஸ்ஸு போயிடும்.

— ஒன்பது, தொப்பி.

— தொப்பியில என்ன இருக்கு? நானும்தான் போடறேன். என் தலையப் பாரு.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அண்ணே, நீங்க சொல்லுங்க. இந்தத் தொப்பியை நாம எப்பத் தொவச்சோம்?

— எப்பத் தொவைக்கறது? ஆறுலேர்ந்து ஆறு உன் தலையில, ஆறுலேர்ந்து ஆறு என் தலையில. நமக்காவது லீவு உண்டு, அதுக்கு இல்ல. லீவன்னைக்கு வர்ற மாத்தாளும் அதத்தான் போடறான். தனித்தனியாக் கேட்டதுக்கு என்ன சொன்னாங்க? "தொப்பி கேட்டுக்குச் சொந்தம், ஆளுக்கு இல்ல."

— அதக் கொஞ்சம் குடுங்க. கழட்டிக் குடுங்கண்ணே. இந்தக் கைக்குட்டை வெள்ளைதானே?

— வெள்ளைதான்.

— நல்லாப் பாத்துக்குங்க. உள்பட்டியில ஒரே ஒரு சுத்து தொடைக்கிறேன். இப்ப?

— லாரிப் புகை.

— புகை உள்பக்கம் வருமா?

— வரும். எனக்குத் தெரிஞ்ச ஒரு...

— ஈரமா இருக்குண்ணே. புகை ஈரமா இருக்குமா?

— வேர்வை.

— உங்களுக்குக் கறுப்பா வேர்க்குமா?

— தம்பி, பஸ்ஸு போயிட்டுது. சத்தம் கேட்டுச்சு.

— உக்காருங்க. அடுத்தது ஏழு மணிக்கு இருக்கு. நான் ஒரு விஷயம் சொல்லாம விட்டுட்டேன். போன வாரம் டாக்டர் என் முதுகுல பதினஞ்சு சின்னப் பிளாஸ்டர் ஒட்டி அனுப்பினாரு. ஒவ்வொண்ணுலயும் ஒரு மருந்து. ரெண்டு நாள் முதுகுல தண்ணி படக் கூடாது, சாய்ஞ்சு உக்காரக் கூடாதுன்னாரு.

— அதான் அந்த ரெண்டு நாளும் விளக்குக் கம்பம் மாதிரி நின்னியா. முதலாளி வர்றாரோன்னு நானும் பயந்துட்டேன்.

— பிரிச்சுப் பாத்தா பதினாலு சும்மா இருக்கு. ஒண்ணு மட்டும் கொப்புளிச்சு நிக்குது. தலைக்கு அடிக்கிற கறுப்பு டையில இருக்கிற மருந்தாம் அது. "டை அடிக்கறியா?"ன்னாரு. "எதுக்கு சார், எந்த எடத்துல?"ன்னேன். "அப்ப உன் தலையில படறது எதுலயோ யாரோ அடிச்ச டை இருக்கு, கண்டுபிடி"ன்னு சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் குடுத்தாரு.

— ஏழு மணி பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?

— கதை ஒண்ணும் இல்லையாண்ணே?

— இல்ல.

— ஏதாவது சொல்லுங்க.

— வாராவாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அடிக்கிறேன். காயறதுக்குள்ள அஞ்சேகால் பஸ்ஸப் புடிக்கணும். இங்க வந்து ஈரத்து மேலயே தொப்பி. நீ திங்கக்கிழமைன்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் தட்டிச்சு. வெயில்னு சொல்லிப் பாத்தேன்.

— ஏன்ணே அந்த அவசரத்துல? பகல்ல வீட்லதானே இருக்கீங்க, வேற நாள்ல ஆற அமர அடிக்கலாமே?

— பகல்ல நான் தூங்கற கட்டில் என் கட்டில் இல்ல தம்பி. பொண்ணு வீடு. ஒரு ரூமு, ஒரு கட்டில். ராத்திரி மருமகனும் பொண்ணும் படுக்கிறது, பகல்ல நான் படுக்கிறது. இங்க தொப்பி மாதிரிதான் அங்க கட்டிலும். என்ன, அங்க கையெழுத்துப் புத்தகம் இல்ல. மொதல்ல வார நாள்லதான் அடிச்சுக்கிட்டிருந்தேன். அடிச்சுட்டுப் படுத்தேனா, மருமகன் தலையணையில கறை புடிச்சுக்கிச்சு. அவன் பாத்தான். ஒண்ணுமே சொல்லல. உறையக் கழட்டி மடிச்சு மூலையில வெச்சுட்டு, சட்டையச் சுருட்டித் தலைக்கு வெச்சுப் படுத்துக்கிட்டான். திட்டியிருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அன்னையிலேர்ந்து, ஒரு வருஷமா, ஞாயித்துக்கிழமை, டூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. ராத்திரி தலை எங்கயும் சாயாதே. காலைக்குள்ள காஞ்சிடும். தலையணைக்கு ஆபத்தில்லன்னு நெனச்சேன்.

— தலையணைக்குப் பதிலாத் தொப்பி.

— தொப்பியில இன்னொரு தலை இருக்கிறது எனக்குத் தோணவே இல்ல.

— அடிக்காமலே விட்டா என்னண்ணே?

— அடிக்காம விட்டா வெள்ளை. ஒரு கருப்பு முடி கெடையாது, பஞ்சு மூட்டை மாதிரி இருக்கும். கேமராவுல மொதல்ல அதான் தெரியும். இங்க அம்பத்தெட்டுக்கு மேல வெச்சுக்க மாட்டாங்க. சேரும்போது அம்பத்தொண்ணுன்னு எழுதிக் குடுத்தேன்.

— வயசுக்கு அத்தாட்சி கேக்கலியா?

— ஜெராக்ஸ் மங்கலா இருந்துச்சு. கடைக்காரர்கிட்ட மங்கலா வேணும்னுதான் கேட்டு வாங்கினேன். தனி ரேட்டு.

— நெசமா எத்தன?

— வர்ற மாசம் அறுபத்தொம்பது.

— எங்க அப்பாவுக்கே அறுபத்தஞ்சுதான். நான் இத்தனை நாளா உங்கள அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கேன்.

— முறைப்படி பெரியப்பா. கேட்டுல அண்ணேன்னே கூப்பிடு. கேமராவுக்குக் காது இருக்கோ என்னமோ.

— வேலை போனா என்ன பண்ணுவீங்க?

— பகல்ல ஒண்ணும் பிரச்னை இல்ல, கட்டில் காலியாத்தான் இருக்கும். ராத்திரிக்குத்தான் எடம் இல்ல. அவங்க போன்னு சொல்ல மாட்டாங்க. நடுவுல ஒரு சேலையக் கட்டித் தொங்கவிட்டு எனக்குத் தரையில பாய் போடுவாங்க. ராத்திரி நான் இருமாம இருக்கணும், அவங்க பேசாம இருக்கணும். அந்த வயசுல ரெண்டு பேரும் பேசாம இருக்கக் கூடாது தம்பி. அதுக்குத்தான் நைட் டூட்டியே கேட்டு வாங்கினேன்.

— ம்.

— சரி, ஆனது ஆச்சு. உன் மண்டையில ஒரு வருஷமா கொள்ளி வெச்சிருக்கேன், தெரியாமத்தான். அந்தக் கைக்குட்டையக் குடு. எட்டு மணிக்கு சூப்பர்வைசர் வரட்டும். நானே காட்டிச் சொல்லிடறேன். தலையும் வயசும் எல்லாம். உனக்கு அலர்ஜி, அதனால தனித் தொப்பின்னு அவங்க குடுத்துத்தான் ஆகணும். இல்லாட்டி புது ஆளு வருவான். கறுப்பு முடியோட, சொந்தக் கறுப்பு.

— கைக்குட்டை எதுக்குண்ணே. பேனாவைக் குடுங்க.

— என்ன பண்ற? இரு. தொப்பிக்கும் சேத்தா போட்ட?

— "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்." போட்டாச்சு. மணி ஆறு நாப்பது.

— பைத்தியமா உனக்கு? இந்த ஈரத்தையா தலையில வெச்சுக்கப் போற?

— அந்தப் பையத் திறங்க. டிபன் டப்பாவுக்கு அடியில.

— என்ன இது? குழந்தைக் குல்லாவா?

— பழைய பருத்தி வேட்டி. வீட்ல நாலு தெச்சுக் குடுத்தா. தொப்பிக்குள்ள போட்டுக்கறது. எனக்கு ரெண்டு, உங்களுக்கு ரெண்டு. தினமும் ஒண்ணத் தொவச்சு ஒண்ணப் போடணும். ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும் உங்களுதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் கவரையும் மாட்டிக்கணுமாம். காதோட இழுத்து விடச் சொன்னா.

— எனக்கும் ரெண்டா? அப்ப நீ வரும்போதே...

— ஒவ்வொண்ணா நிறுத்திப் பாத்ததுல தொப்பி ஒண்ணுதான் மிஞ்சிச்சு. தொப்பியில என்னை விட்டா வாராவாரம் ஞாயித்துக்கிழமை ராத்திரி நீங்கதான்.

— தெரிஞ்சுக்கிட்டேவா ஒண்ணு ரெண்டு மூணுன்னு சோப்புலேர்ந்து ஆரம்பிச்ச?

— நேரா கேட்டிருந்தா நீங்க ஒரு கதை சொல்லியிருப்பீங்க. அது நல்லாவும் இருந்திருக்கும். நான் சிரிச்சுட்டு, அதே தொப்பியப் போட்டுட்டு நின்னிருப்பேன்.

— அது சரி. ஆனா தம்பி, இந்தக் குல்லா எத்தன நாளைக்கு? என்னிக்கோ ஒருநாள் அந்த டாக்டர் சீட்டு ஆபீஸுக்குப் போகத்தானே போகுது. போனா மொதக் கேள்வியே யாரோட டைன்னுதான் வரும். அதுக்கு நானே முன்னாடி சொல்லிட்டா கொஞ்சம் மரியாதையா இருக்கும்.

— சீட்டு போயாச்சுண்ணே. சனிக்கிழமையே போயாச்சு. தனித் தொப்பி கேட்டு நானேதான் குடுத்தேன். குடுத்தப்புறம்தான் அதுல டைன்னு எழுதியிருக்கிறது உறைச்சுது. சீட்டைத் திருப்பிக் கேட்டேன், தரல.

— சனிக்கிழமையா? அப்ப எல்லாருக்கும்... யாரோட டைன்னு கேட்டிருப்பாங்களே.

— கேட்டாங்க. மேனேஜர், கிளார்க்கு, டைப் அடிக்கிற அம்மா, எல்லாரும் இருந்தாங்க.

— என்ன சொன்ன?

— என்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "எந்த முடிக்குடா?"ன்னாங்க. தொப்பியக் கழட்டிக் காட்டிட்டு, அவங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னுட்டு வந்தேன், பெரியப்பா.